எலும்பிலக்கணம்: மர்பி டவுன் உரையுடன்

வெயில் மூன்று வகைப்படும்: சுடும் வெயில், கறுக்க வைக்கும் வெயில், விளைவிக்கும் வெயில். மூன்றும் ஒன்றுதான் என்பது மர்பி டவுன் வழக்கு. அன்று என்பது இந்நூலின் துணிபு.

இப்பாகுபாட்டால் ஆய பயன் என்னையோ எனின், கூறுதும். பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதியில், அல்சூர் ஏரிக்குக் கிழக்கே இருப்பது இவ்வூர். நாக்ஸ்பேட் என்ற பழம்பெயரை விட்டு மர்பி என்ற பொறியாளரின் பெயரைச் சூடிக்கொண்டது. தலைமுறைகளாகத் தமிழ் பேசிக்கொண்டிருப்பது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகை; கடல்மட்டத்துக்கு மேலே 900 மீட்டரைத் தாண்டிய உயரம். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. இப்படித் தலைமேல் வெயில் கொட்டும் ஊரிலும் ‘வைட்டமின் டி போதவில்லை’ என்று லேப் ரிப்போர்ட் வருகிறது. வகை பிரித்துத்தான் இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டும்.

சுடும் வெயில் அகச்சிவப்பு. வியர்க்க வைக்கும், பேஜார் பண்ணும், எலும்புக்கு ஒன்றும் தராது. கறுக்க வைக்கும் வெயில் புற ஊதா ஏ. இது கண்ணாடியைத் தாண்டி வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருபவரின் ஒரு கையை மட்டும் கறுப்பாக்கும், எலும்புக்கு இதுவும் ஒன்றும் தராது. விளைவிக்கும் வெயில் புற ஊதா பி. 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான குறுகிய அலைவரிசை. ஓசோன் இதில் பெரும்பகுதியை விழுங்குகிறது, மிச்சத்தைக் கண்ணாடி தடுக்கிறது. சூரியன் சரிந்திருந்தால் காற்றின் வழியே வரும் தூரம் கூடிவிடுவதால் மிச்சத்தின் மிச்சமும் வந்து சேராது.

இங்கே ஒரு பூர்வபட்சம். எதிர்வீட்டு அக்கா சொல்கிறார்: “காலைல இளம் வெயிலுதாம்பா உடம்புக்கு நல்லது. அதுக்குத்தானே ஆறரைக்கே ஏரிக்குப் போறோம்.” அக்கா போவது நல்லதே, நடைக்கும் பேச்சுக்கும் ஏரிக்கரை உகந்தது. ஆனால் அந்த வெயிலில் டி விளையாது. திருப்பதியில் சி.வி. ஹரிநாராயணன் குழுவினர் வைட்டமினின் மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து, பொழுது முழுக்க வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். நன்றாக விளைந்தது காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில். திருப்பதியும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருப்பதால் இது மர்பி டவுனுக்கும் செல்லும். கடிகாரம் இல்லாதோர்க்கு நிழல் இலக்கணம்: தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் வெயில் நன்றாக விளைவிக்கும். இவ்வூரில் மார்கழி நண்பகலிலும் அந்த விதி நிறைவேறும். நிழல் ஆளின் முக்கால் அளவுதான். ஆக, குறை வானத்தில் இல்லை. சரியாக அந்த நேரத்தில் எல்லோரும் கூரைக்கடியில் இருப்பதில் இருக்கிறது.

இதற்கு மேற்கோள் பழையது. 1922-இல் ஹட்சிசன், ஷா என்ற இருவர் நாசிக்கில் கண்டதை எழுதினார்கள். வசதியான வீடுகளில், திரைக்குள் வளர்ந்தவர்களுக்கு எலும்பு வளைந்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வெட்ட வெளியில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வளையவில்லை. பணமிருந்தால் எலும்பு கெடும் என்று அவர்கள் சொல்லவில்லை. சுவருக்குள் இருந்தால் கெடும் என்றார்கள். இன்று ஏழைக்கும் சுவர் கிடைத்துவிட்டது. மாடிமேல் மாடி எழும்பிய சந்துகளில், கீழ்த்தளத்துக் குடித்தனத்துக்கு நண்பகல் என்பது டியூப்லைட்.

இனிப் பொருள். தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற ஒன்று இருக்கிறது. அதன்மேல் புற ஊதா பி பட்டால் முன்-வைட்டமின், உடல் சூட்டில் அது வைட்டமின் டி3. கல்லீரல் அதற்கு ஒரு ஹைட்ராக்சில் ஒட்டும். லேப் அளப்பது இதைத்தான். சிறுநீரகம் இன்னொன்றை ஒட்டும்போது கால்சிட்ரியால் பிறக்கிறது. முந்தியவை யாவும் வேலை செய்யாதவை, கடைசி ஒன்றுதான் செய்வது. பிறக்கும் இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு என்பதால், இதை வைட்டமின் என்பதைவிட ஹார்மோன் என்பதே பொருந்தும் என்று ஒருசாரார் கூறுவர். பொருந்தும்தான், ஆனால் மருந்துக் கடையில் ஹார்மோன் என்று கேட்டால் அண்ணாச்சி ஒருமாதிரி பார்ப்பார்.

எலும்பு உயிரணுக்கள் நான்கு வகைப்படும். இப்பகுதியே நூலின் நடுநாயகம். இதில் நிதானமாகச் செல்வோம்.

முதலாவது ஆஸ்டியோபிளாஸ்ட்: கட்டும் கொத்தனார். கொலாஜன் சாரத்தை விரித்து அதன்மேல் கால்சியம் பாஸ்பேட்டைப் படியவைக்கும். இரண்டாவது ஆஸ்டியோசைட்: தான் கட்டிய சுவருக்குள்ளேயே சிக்கிக்கொண்ட கொத்தனார். எலும்பிலுள்ள அணுக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவைதாம். உள்ளே கிடந்தபடியே நீண்ட கைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பாரம் எங்கே அழுத்துகிறது என்று கணித்து, மேலே இருப்பவற்றுக்குத் தகவல் சொல்லும். பல ஆண்டுகள் வாழும். மூன்றாவது, வேலை ஓய்ந்து எலும்பின் மேற்பரப்பில் தட்டையாகப் படுத்துவிட்ட உறையணு. கட்டியவற்றில் பெரும்பாலானவை இந்த இரு கதிகளையும் அடையாமல் இறந்துவிடும். அவற்றைத் தனி வகையாக எண்ணுவதில்லை.

நான்காவது ஆஸ்டியோகிளாஸ்ட். இது இடிப்பது. கொத்தனார் வம்சமே இல்லை. இரத்த வெள்ளணுக்களின் வழியில் வந்து, பல அணுக்கள் ஒன்றாய்க் கலந்து, பல உட்கருக்களோடு ஒரே உருவாய் எலும்பில் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து கரைக்கும். கரைப்பதற்குச் சில வாரங்கள் போதும். அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆஸ்டியோபிளாஸ்டுக்கு மாதங்கள் ஆகும். பெங்களூரில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கை உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

கால்சிட்ரியால் யார் பக்கம்? கேட்டால் அனைவரும் கட்டுபவர் பக்கம் என்பார்கள். எலும்பை உறுதியாக்குவது அதுவென்றே பாட்டி முதல் டிவி விளம்பரம் வரை ஓதப்பட்டிருக்கிறது. ஆனால் 1988-இல் தோக்கியோவில் தக்கஹாஷி, சுடா குழுவினர் கட்டும் அணுக்களையும் மண்ணீரல் அணுக்களையும் ஒரே கிண்ணத்தில் வளர்த்துக் கால்சிட்ரியால் ஊற்றினார்கள். கிண்ணத்தில் கிளம்பியவை இடிப்பவை. அதிலும் இரு தரப்பும் ஒன்றையொன்று தொட்டால்தான் கிளம்பின. கட்டுபவர்தான் கைகாட்டி இடிப்பவரை வரவழைக்கிறார் என்று ஆயிற்று. அந்தச் சைகைக்கு உரிய புரதம் 1998-இல் பிடிபட்டது. ராங்க்-எல் என்று பெயர். கால்சிட்ரியால் அதன் உற்பத்தியைக் கூட்டுகிறது. அப்படியானால் நாம் பாலில் கலக்கிக் குடிக்கும் வைட்டமின் டி பொடி எலும்பை இடிக்கும் ஆணையா?

ஆம் என்றும் கூறலாம், அன்று என்றும் கூறலாம். உரையாசிரியர்க்கு இதைவிட இனிய நிலை வேறில்லை.

கால்சிட்ரியாலுக்கு எலும்பின் மேல் தனிப்பட்ட பாசம் கிடையாது. அதன் விசுவாசம் இரத்தத்துக்கு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசை இழுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும், எலும்போ பொறுத்துக்கொள்ளும். உடலின் கால்சியத்தில் 99 சதவீதம், ஏறக்குறைய ஒரு கிலோ, அங்கேதான் இருக்கிறது. எனவே கால்சிட்ரியால் முதலில் குடலுக்குப் போய், உண்டதிலிருந்து கால்சியத்தை இழுத்துக் கொடு என்கிறது. டி இல்லாவிட்டால் குடல் 10 முதல் 15 சதவீதம் உறிஞ்சும்; போதிய அளவு இருந்தால் 30 முதல் 40. குடலில் இருந்தால்தானே கொடுக்கும்? தட்டில் கால்சியம் இல்லாதபோது அதே கால்சிட்ரியால் எலும்பின் பக்கம் திரும்பி இடிக்கச் சொல்கிறது. பெல்ஜியத்தின் லூவனில் 2012-இல் குடலில் மட்டும் அதன் ஏற்பியை நீக்கிய எலிகளை ஆராய்ந்தார்கள். இரத்தக் கால்சியம் சரியாகவே இருந்தது. அதற்கான விலையை எலும்பு கொடுத்திருந்தது.

இதற்கு மறுதலையும் உண்டு. உடல் முழுக்க ஏற்பியே இல்லாத எலிகளுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் லாக்டோஸும் மிகுதியாக ஊட்டினால் எலும்பு நேராகிறது. அதே குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, இரவெல்லாம் இரத்தநாளம் வழியாகக் கால்சியம் ஏற்றி, எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தீர்த்ததாகப் பிரான்சிலிருந்து 1986-இல் எழுதினார்கள். எலும்பைத் தொடாமலே எலும்பு குணமாயிற்று. ஆகவே எலும்பிலக்கணத்தில் வினை எலும்பினுடையது, எழுவாய் பெரும்பாலும் குடல்.

இவ்வளவும் தெரிந்தபின் மர்பி டவுன் மாந்தரை வகுப்பது எளிது. வெயிலும் கால்சியமும் உடையார், வெயிலுடையார் கால்சியம் இலார், கால்சியம் உடையார் வெயில் இலார், இரண்டும் இலார். முதல் வகை, நண்பகலில் மொட்டை மாடியில் துணி உலர்த்தி, மதியம் ராகிக் களி உண்பவர். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் உண்டு. உறிஞ்சலைத் தடுக்கும் பைட்டேட்டும் உண்டு, ஆனால் முளைகட்டினால் அது குறையும். அரிசியும் ரசமும் மட்டுமே உண்டு நாளெல்லாம் தள்ளுவண்டி தள்ளுபவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகைக்குத் தயிர் உண்டு, பனீர் உண்டு, ஐ.டி. கம்பெனி ஷட்டிலும் உண்டு; வெயில் மட்டும் கண்ணாடிக்கு அப்பால். நான்காம் வகைக்கு உதாரணம் காட்டினால் அக்கம்பக்கத்தார் கோபிப்பார்கள்.

சாஷேக்காரர் இந்நான்கில் அடங்காத இடைச்செருகல். வாரம் ஒருமுறை 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்து, ரிப்போர்ட்டில் எண் ஏறியதும் எலும்பு தேறிவிட்டதாக நம்புவார். குறைபாடு உள்ளவர்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து, குடிக்கத்தான் வேண்டும். இரண்டாம் வகையாரும் களியைக் கண்ணால் பாராமல் இதையே நம்பினால்தான் மேற்படி இடிப்பு விவகாரம் நினைவுக்கு வருகிறது.

புறநடை: மிகினும் ஆகாது. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கொருமுறை 5,00,000 யூனிட் ஒரே வேளையில் கொடுத்தார்கள். விழுவதும் முறிவதும் கூடிற்று என்று 2010-இல் முடிவு வந்தது. குறைபாடு உண்டா என்று பாராமல் அமெரிக்காவில் 25,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்த ஆய்விலும் முறிவு குறையவில்லை; அது 2022. சிறுநீரகம் பழுதானவர்க்கு வெயிலும் சாஷேயும் மட்டும் போதா, கடைசி ஹைட்ராக்சில் ஒட்டும் ஆள் லீவில் இருக்கிறார். டாக்டர் கால்சிட்ரியாலையே நேராக எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

எஞ்சி நிற்பவர் அபார்ட்மென்ட் வாசலின் வாட்ச்மேன். பதினொன்றிலிருந்து இரண்டு வரை, நிழல் காலடியில் சுருங்கும் வேளையில், வெட்டவெளியில் நிற்பவர் தெருவில் அவர் ஒருவர்தான். ஆனால் முழுக்கை யூனிஃபார்ம், தொப்பி, ஷூ. முகமும் புறங்கையும் தவிர எதுவும் வெயில் காண்பதில்லை. அவரை வெயிலுடையார் என்பதா இலார் என்பதா என்று உரையாசிரியர்களிடையே வழக்கு நடக்கிறது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட அசோசியேஷன் அனுமதித்தால் வழக்கு தள்ளுபடியாகும்.