மிதிபடகில் மிதிப்பவர் யார்? கோடை ஏரியை முன்வைத்து ஒரு குடும்பவியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் யானையைத் தேடியவர்கள் உண்டு, காப்பியங்களில் சிலம்பின் பரல்களை எண்ணியவர்கள் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் மே மாதத்தில் வத்தலக்குண்டு வழியாக மலையேறும் குடும்பங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வந்த தலைசுற்றல் தீருமுன்பே மிதிபடகில் உட்கார்ந்து காலால் உழைப்பது ஏன் என்ற கேள்வியை எந்தத் துறைத்தலைவரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஓய்வெடுக்க வந்தவர், கைக்காசு கொடுத்து, முன்பணமும் கட்டி, வரிசையில் நின்று வாங்குவது அரை மணி நேரக் கூலியில்லா வேலை. வேலை கொடுப்பவருக்கே கூலியும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பொருளியலார் கண்டுகொள்ளாததால் குடும்பவியலார் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

2. ஆய்வுக் களம்

கோடைக்கானல் ஏரி இயற்கை தந்ததன்று. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் முன்னின்று கரை கட்டி உண்டாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பது இன்றும் வழங்கும் செய்தி. 1890-இல் படகுக் குழாம் அமைந்தது. 1932-இல் அது வெளியூர்ப் பயணிகளுக்கும் கதவைத் திறந்தது. இடைப்பட்ட 42 ஆண்டுகள் ஏரி அமைதியாக இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

ஏரியின் வடிவம் நட்சத்திரம் போன்றது என்பர். இதை அழகு என்று எழுதிவிட்டுப் போவது வழிகாட்டி நூல்களின் வழக்கம். ஆய்வாளன் பார்வையில் இது ஒரு பொறி. ஒரு கைக்குள் புகுந்து வளைந்ததும் படகுத்துறை கண்ணிலிருந்து மறைகிறது. ‘நாம எந்தப் பக்கமிருந்து வந்தோம்?’ என்ற வினா அங்கேதான் பிறக்கிறது. ஊட்டி ஏரியில் இவ்வினா எழுவது குறைவு. அங்கே ‘ஏன் வந்தோம்?’ என்பதே மிகுதி.

3. திணையும் அதன் மயக்கமும்

இக்களத்தின் முதற்பொருள், நிலம்: மலை, ஆகவே குறிஞ்சி. பொழுது: பள்ளி விடுமுறை. கருப்பொருள்கள்: வாடகைக் குதிரை, வாடகை சைக்கிள், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை, சுட்ட சோளம், ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை. கடைசிப் பொருள் தனியே குறிக்கத்தக்கது. முன்பு அணிந்தவரின் ஈரத்தையும் அவர் தலையில் தடவிய எண்ணெயின் மணத்தையும் அது அடுத்தவருக்குக் கைமாற்றுகிறது. பூணும் பிடிப்பு எப்போதும் இடப்பக்கம் சரியாகவும் வலப்பக்கம் மக்கர் செய்தும் இருக்கும்.

உரிப்பொருளில்தான் சிக்கல். குறிஞ்சிக்குரியது கூடல். களத்தில் காணப்படுவதோ, படகு துறையை விட்டு நீங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், ஊடல். அது மருதத்துக்குரியது. திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். எதிர்காலத்தில் மலைமேல் ஏரி வெட்டுவார்கள், அதில் கணவனும் மனைவியும் ஒரே படகில் ஏறுவார்கள் என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

4. கருவியின் உறுப்பிலக்கணம்

நால்வர் அமரும் மிதிபடகில் முன்னிருக்கை இரண்டு, பின்னிருக்கை இரண்டு. மிதிகள் முன்னிருக்கைக்காரர்களுக்கு மட்டுமே. மிதித்தால் அடியிலுள்ள துடுப்புச் சக்கரம் சுழன்று நீரைப் பின்னே தள்ளும்; படகு முன்னே போகும். முன்னிருவருக்கும் நடுவில் ஒரு கைப்பிடி உண்டு, அதுவே சுக்கான்.

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம். முன்னிருவரின் மிதிகளும் ஒரே இரும்புத் தண்டில் கோத்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவரின் மிதியும் தானே சுற்றும். அதன்மேல் வைத்திருக்கும் காலும் கூடவே சுற்றும். அதாவது, மிதிப்பவரின் கால் தண்டைச் சுற்றுகிறது. மிதிக்காதவரின் காலைத் தண்டு சுற்றுகிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியே. உழைப்பவரையும் உழைப்பவர்போல் இருப்பவரையும் இத்தனை நேர்த்தியாகக் கலந்துவிடும் பொறி அரசு அலுவலகங்களுக்கு வெளியே அரிது.

இவர்களைப் பிரித்தறிய இவ்வாய்வாளன் முன்மொழிவது பேச்சுச் சோதனை. கோடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. சமவெளியிலிருந்து முந்தைய நாள் ஏறி வந்தவர் மிதித்துக்கொண்டே நீளமாகப் பேச முடியாது. ஆகவே, ‘லெவிஞ்ச் இல்லைன்னா இந்த ஏரியே கிடையாது தெரியுமா?’ என்று மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பவர் மிதிக்கவில்லை. ‘ம்’ என்று மட்டும் பதில் சொல்பவரே படகின் எஞ்சின்.

5. நிற்போரும் அமர்வோரும்: ஓர் ஒப்பீடு

பிற நாட்டு ஏரிகளில் இப்போது குடும்பங்கள் உட்காருவதில்லை, ஒரு பலகையின்மேல் நிற்கின்றன. ஹவாய்த் தீவுகளின் அலைச்சறுக்கு வீரர்களிடமிருந்து 2000-க்குப் பின் உலகெங்கும் பரவிய துடுப்புப் பலகை அது. காற்றடித்து நிரப்பும் பத்தடிப் பலகையில் முதலில் முழந்தாளிட்டு, பிறகு மெல்ல எழுந்து, நீண்ட ஒற்றைத் துடுப்பால் வலித்துப் போகிறார்கள். முன்னால் குழந்தை உட்காரும்; சில வீடுகளில் நாயும் உட்காரும். 2008-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, நீச்சலுக்கும் அலைச்சறுக்குக்கும் உரிய எல்லையைத் தாண்டினால் அந்தப் பலகையும் ஒரு கலம்தான் என்று தீர்மானித்தது. அதனால் ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை வேண்டியதாயிற்று. அது அலைச்சறுக்கா, படகோட்டமா என்று இரண்டு உலகச் சம்மேளனங்கள் மோதிக்கொண்டு லோசான் நகர விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயின. ஒலிம்பிக் மட்டத்தில் அது அலைச்சறுக்குக்காரர்களுக்கே உரியது என்று 2020-இல் தீர்ப்பாயிற்று. நம் கரையில் கட்டுமரக்காரர்கள் காலங்காலமாகத் துடுப்பு வலித்தும், அது எந்த விளையாட்டு என்று கேட்டு யாரும் வழக்குப் போட்டதில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு.

இப்பலகையின் குறைபாடு ஒன்றே ஒன்று. வலிக்காதவர் உடனே தெரிந்துவிடுவார். துடுப்பை யார் பிடித்திருக்கிறார் என்பது ஏரிக்கே தெரியும். தடுமாறி விழுந்தால் விழுந்தவர் பெயரில்தான் விழுவார். பக்கத்து இருக்கையின்மேல் பழி போட அங்கே பக்கத்து இருக்கையே இல்லை. கூட்டுக் குடும்பத்துக்கு ஒவ்வாத கருவி என்று இதை ஒதுக்கிவிடலாம்.

6. களச்சான்று

மாதிரி அளவு: ஒரு குடும்பம். புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். பானைக்கு ஒரு சோறு பதம் என்பது அவர்களுக்கு முந்திய கோட்பாடு. முன்னிருக்கையில் தந்தையும் கல்லூரியில் படிக்கும் மகளும். பின்னிருக்கையில், சுவெட்டர், பிளாஸ்க், முறுக்குப் பொட்டலம் அடங்கிய பையோடு தாயும், தாயின் மாமியாரும். இப்படகின் பின்னிருக்கை பின்பக்கம் பார்த்தது; அதாவது இவ்விருவரும் கடந்து போனதைக் காண்பவர்கள், வரப்போவதைக் கழுத்தைத் திருப்பித்தான் காண வேண்டும்.

தாய்: “ஏங்க, லெஃப்ட்ல திருப்புங்க. அந்தப் படகுமேல போய் இடிக்கப் போறீங்க.”

தந்தை: “எந்த லெஃப்ட்டு? உன் லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?”

தாய்: “எல்லாருக்கும் ஒரே லெஃப்ட்டுதாங்க.”

மகள்: “அப்பா, கால் வலிக்குது. நீங்க மிதிக்கவே மாட்டேங்கிறீங்க.”

தந்தை: “நான்தாம்மா மிதிக்கிறேன். காலைப் பாரு, சுத்துதா இல்லையா?”

பாட்டி: “போட்டோ எடுத்தாச்சுல்ல? அப்பக் கரைக்கு விடு.”

மகள் சலித்துப்போய் மிதிப்பதை நிறுத்தியதும் தந்தையின் காலும் நின்றது. இதைவிடத் தெளிவான சான்றை எந்த ஆய்வுக்கூடமும் தராது. படகு நின்றபின் தந்தை கைப்பிடியை இங்குமங்கும் ஒடித்தார், பயனில்லை. சுக்கான் வேலை செய்ய அதன்மேல் நீர் ஓட வேண்டும். நீர் ஓடப் படகு ஓட வேண்டும். படகு ஓட மகள் மிதிக்க வேண்டும். பின்னோக்கி மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். பின்னே போகும்போது சுக்கானின் பலன் தலைகீழாகும். படகின் முகம் அவர் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்ப, தாய் எச்சரித்த அதே படகை இடித்தது.

இடித்தபின் நிகழ்வதற்கும் ஒரு மரபு உண்டு. முதலில் இரு தரப்பும் ‘பாத்து, பாத்து’ என்பார்கள். அடுத்து ‘எந்த ஊருங்க?’ என்பார்கள். திருப்பூர் என்று பதில் வந்ததும், அங்கே இருக்கும் சொந்தக்காரர் பெயர் வரும். அதற்குள் துறையிலிருந்து விசில் ஊதிப் படகு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

7. முடிபுகள்

(அ) படகை நகர்த்தியவர் மகள். படகு ஓட்டினேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்லப்போகிறவர் தந்தை. வழி தெரிந்தவர் தாய். எப்போது முடிப்பது என்று தீர்மானித்தவர் பாட்டி.

(ஆ) இதே பங்கீடு அந்தக் குடும்பத்தின் சமையலறையிலும் வங்கிக் கணக்கிலும் கல்யாணப் பேச்சுவார்த்தையிலும் நடைமுறையில் இருக்கிறது. ஏரி புதிதாக எதையும் செய்யவில்லை. சுவர்களை மட்டும் எடுத்துவிட்டது.

(இ) இப்பயணத்துக்கு அறை பிடித்தது, பை கட்டியது, மாத்திரை எடுத்து வைத்தது, முன்பணச் சீட்டைப் பத்திரமாக முடிந்து வைத்தது எல்லாம் பின்னிருக்கை. முன்னிருக்கைக்குக் கிடைத்தது கைப்பிடி.

8. பரிந்துரை

அடுத்த முறை சுக்கானை, இதுவரை பின்னாலிருந்து வழி சொன்னவரிடம் கொடுத்துப் பாருங்கள். மிதிக்கும் வேலையை, இதுவரை மிதிப்பதாகச் சொன்னவர் உண்மையாகவே செய்யட்டும். மகளைப் பின்னால் உட்காரவைத்து முறுக்குப் பொட்டலத்தைக் கையில் கொடுங்கள். பாட்டியின் அதிகாரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். யாராவது ஒருவர் கரைக்கு விடச் சொல்ல வேண்டும். இடம் மாறுவதைப் படகுத்துறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏரி நடுவே மிதிபடகில் எழுந்து நிற்கக்கூடாது.