சண்டைக்கு வா, ஆனால் வராதே!

ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் அந்தக் கையெழுத்துப் பிரதியை முதலில் புரட்டியபோது, இவ்வளவு அறுவையான சமாசாரத்தை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று தூக்கி எறிந்துவிட்டார். பிரதியை வைத்திருந்த லேடி ஹெர்ட்ஃபோர்ட் விடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள் என்று கையில் திணித்து அனுப்பினார். வால்போலின் வீட்டிலோ, கணவரைப் பறிகொடுத்த லேடி வால்ட்கிரேவ் அழுத கண்ணும் சிந்திய மூக்குமாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தேற்றலாமே என்று வால்போலும் கவிஞர் தாமஸ் கிரேயும் பிரதியைப் பிரித்துப் படித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து, கத்தி, கும்மாளம் போட்டதில் மேற்கொண்டு படிக்கவே முடியவில்லை.

எழுதியவர் சிரிக்க வைப்பதற்காக எழுதியவர் இல்லை என்பதுதான் விசேஷம். வயது 60-ஐத் தாண்டிய பிறகு, தன் சந்ததி படித்துப் புத்தி பெறட்டும் என்று பரம சிரத்தையாக எழுதிய சுயசரிதை அது. பெயர் எட்வர்ட் ஹெர்பர்ட். செர்பரி பிரபு, பாரிஸில் இங்கிலாந்து அரசரின் தூதர், தத்துவஞானி, கவிஞர். தலை உச்சியில் தனக்கு நாடி துடிக்கிறது என்று எழுதி வைத்த ஒரே பிரபுவும் இவராகத்தான் இருக்க வேண்டும். அது மட்டுமா? தன் சட்டைக்கு இயற்கையாகவே ஒரு நறுமணம் உண்டாம். கூட இருந்தவர்களுக்குத் தெரியுமாம். மூச்சும் அப்படித்தானாம், புகையிலை பிடிக்க ஆரம்பித்த பிறகும் அது வெகு நேரம் கெடாதாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் குளியல் எந்த லட்சணத்தில் இருந்தது என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

வேல்ஸ் எல்லையில், மான்ட்கோமரி பக்கத்துப் பெரிய குடும்பம். பையன் வெகு காலம் வாயே திறக்கவில்லை. ஊமையோ என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். கடைசியில் பேச ஆரம்பித்தபோது, நான் இந்த உலகத்துக்கு எப்படி வந்தேன் என்று கேட்டானாம். தாதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பால் வேண்டும், பழம் வேண்டும் என்று கேட்கிற வயதில் தத்துவ விசாரணை. சுயசரிதை எழுதுகிறவனிடம் ஞாபகசக்தி கொஞ்சம் தாராளமாகத்தான் வேலை செய்யும்.

1596-இல் அப்பா ரிச்சர்ட் போய்ச் சேர்ந்தார். அம்மா மக்டலன் கையில் ஏழு பையன்கள், மூன்று பெண்கள். கடைக்குட்டி தாமஸ் அப்பா இறந்த பிறகுதான் பிறந்தான். பைபிளில் வரும் யோபுவுக்கும் ஏழு பிள்ளை, மூன்று பெண் என்பதால், எனக்கும் யோபு கணக்குத்தான் என்று சொல்லிக்கொள்வார் அந்த அம்மாள். ஆனால் யோபுவின் பொறுமையை எதிர்பார்த்து யாரும் அவரிடம் போய்விடக் கூடாது. மூத்தவன் எட்வர்டுக்கு 15 வயதிலேயே கல்யாணத்தை முடித்தார். பெண் மேரி ஹெர்பர்ட், அதே வம்சம், வயது 21. அவளுடைய அப்பா உயிலில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்: ஹெர்பர்ட் என்று பெயருள்ளவனைக் கட்டினால்தான் சொத்து. சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்காக ஆறு வயது மூத்த பெண்ணை ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பையன் தலையில் கட்டியாயிற்று. படிப்பு பாதியில் நின்றதே என்கிறீர்களா? புது மாப்பிள்ளை பெண்டாட்டியோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பிப் போனான். பின்னாலேயே அம்மாவும் வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாமியார் கண்காணிப்பில் தேனிலவு, தேனிலவுக்கு நடுவே லத்தீன்.

பிறகு ஜாகை லண்டன் சேரிங் கிராஸுக்கு மாறியது. 1601-இல் அந்த வீட்டுச் சமையல் கணக்கு நோட்டு ஒன்று எழுதப்பட்டு இன்றும் மிஞ்சியிருக்கிறது. யார் யார் சாப்பிட வந்தார்கள் என்று அதில் இருக்கிறது. இசைமேதை வில்லியம் பேர்ட், வரலாற்றாசிரியர் கேம்டன் என்று பெரிய தலைகள். கவிஞர் ஜான் டன் அம்மாளின் பரம சிநேகிதர். 1609-இல் அம்மாள் மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை சர் ஜான் டான்வர்ஸ், அழகர், மணமகளைவிட ஏறக்குறைய 20 வயது சின்னவர். மூத்த மகனுக்குத் தன்னைவிட இளைய சிற்றப்பா வாய்த்தார். எட்வர்ட் சுயசரிதையில் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. உச்சந்தலை நாடியைப் பற்றி எழுத நேரம் இருந்தது, பாவம், இதற்கு நேரம் இல்லை.

அரண்மனைக்கு முதல் தடவை போனபோது நடந்ததை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார். எலிசபெத் ராணியார் தேவாலயத்துக்குப் போகிற வழியில் பையன் மண்டியிட்டிருந்தான். ராணி நின்றார். யார் இது என்றார். சொன்னார்கள். வழக்கமான சபதச் சொல் ஒன்றை உதிர்த்து, ஐயோ, இவ்வளவு சின்ன வயதில் கல்யாணம் பண்ணிவிட்டார்களே என்று வருத்தப்பட்டு, இரண்டு முறை கையை முத்தமிடக் கொடுத்து, கன்னத்தில் செல்லமாகத் தட்டினாராம். ராணிக்கு அப்போது 60-க்கும் மேல். அந்தத் தட்டு எட்வர்ட் தலைக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது, கடைசி வரை இறங்கவே இல்லை.

1603-இல் முதலாம் ஜேம்ஸ் பட்டமேறியபோது இவருக்கு 'நைட் ஆஃப் தி பாத்' பட்டம் கிடைத்தது. பெண்களுக்கு அநியாயம் நடந்தால் தட்டிக்கேட்பேன் என்று அதற்கு ஓர் உறுதிமொழி உண்டு. மற்ற கனவான்கள் சடங்குக்காக வாயசைத்துவிட்டு விருந்துக்குப் போனார்கள். இவர் ஒருவர்தான் அதை நிஜமென்று நம்பினார்.

1608 வாக்கில் மனைவியிடம் ஒரு யோசனை சொன்னார். நமக்குக் குழந்தைகள் ஆயிற்று. நீ உன் சொத்தில் இவ்வளவு எழுதி வை, நானும் அதே அளவு எழுதி வைக்கிறேன். மேரி மசியவில்லை, உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு நான் அடங்கிக் கிடக்க மாட்டேன் என்றுவிட்டாள். சரி, அப்படியென்றால் நான் வெளிநாடு போகிறேன், சின்ன வயதில் கல்யாணமானதால் ஊர் சுற்ற முடியாமல் போயிற்று என்று கிளம்பிவிட்டார். கோபமும் ஆயிற்று, டூரும் ஆயிற்று.

பிரான்ஸில் மெல்லோ என்ற ஊரில், படைத்தலைவர் மான்மொரன்சியின் மாளிகையில் விருந்தாளி. ஒருநாள் மாலை எல்லோரும் புல்வெளியில் உலாத்துகிறார்கள். பத்துப் பதினோரு வயதுப் பெண், வான்ததூர் சீமாட்டியின் மகள், தலையில் ரிப்பன் கட்டியிருந்தாள். ஒரு பிரெஞ்சுக்காரன் அதை உருவித் தன் தொப்பியில் சொருகிக்கொண்டான். பெண் எட்வர்டைப் பார்த்து, வாங்கிக் கொடுங்கள் என்றாள். போதாதா? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். அவன் மாட்டேன் என்றான். இவர் தொப்பியை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். அவன் ஓடினான். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு ரிப்பனுக்காகப் புல்வெளியில் ஓட்டப்பந்தயம். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்ததும் அவன் நேராகப் பெண்ணிடம் போய் ரிப்பனை நீட்ட, இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுப்பது நான்தான் என்று அவளிடம் அறிவித்தார். பெண்ணோ, இல்லை, கொடுப்பது அவர்தான் என்றுவிட்டாள். மறுநாள் வாள்சண்டைக்கு ஓலை போயிற்று. அவன் வரவில்லை, படைத்தலைவர் அவனை வீட்டைவிட்டே கிளப்பிவிட்டார். இதை இவர் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இப்படியே இவர் விட்ட சவால்களை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். ஓலை போகும், இடம் குறிப்பார், விடியற்காலையில் குதிரை ஏறுவார், எதிராளி வரமாட்டான். இல்லையென்றால் ராஜா தடை போடுவார், நண்பர்கள் குறுக்கே விழுவார்கள். 1610-இல் யூலிஷ் முற்றுகையில் பலானி என்ற பிரெஞ்சு வாள்வீரனோடு, யாருக்குத் துணிச்சல் அதிகம் என்ற போட்டி. இருவரும் பதுங்குகுழியை விட்டு வெளியே குதித்தார்கள். குண்டு மழையாகக் கொட்டியது. சூடு தாங்கவில்லையே, திரும்பலாமா என்றான் பலானி. நீ முன்னால் போனால்தான் நான் வருவேன் என்றார் இவர். பிறகு அதே பலானியிடம் போய், என் காதலியைவிட உன் காதலி உசத்தி என்கிறாயா, வா வாளெடு என்றார். பலானி சிரித்துக்கொண்டே, காதலி விஷயத்தில் நிரூபிக்க வேறு வழி இருக்கிறது, பார்க்கலாம் யார் கெட்டிக்காரர் என்று, என்றான். இவர் அவனை இளக்காரமாகப் பார்த்தார்.

ரத்தம் நிஜமாகவே கொட்டிய ஒரே சந்தர்ப்பத்துக்குக் காரணம் ஒரு படம். லேடி ஏயர்ஸ் என்ற சீமாட்டி இவருடைய உருவப்படத்தை ஐசக் ஆலிவர் என்ற ஓவியரிடம் சின்னதாகப் பிரதி எடுக்கச் சொல்லி, தங்கத்தில் கட்டி, மார்புக்குள் மறையும்படி தொங்கவிட்டுக்கொண்டாள். ஒருநாள் எட்வர்ட் அவள் அறைக்குள் எட்டிப் பார்க்கிறார். ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் படம், படுக்கையில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவரைக் கண்டதும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துப் படத்தை ஒளித்தாள். எங்களுக்குள் ஒன்றுமே கிடையாது என்று சத்தியம் செய்கிறார். கணவர் சர் ஜான் ஏயர்ஸ் நம்பவில்லை. வைட்ஹால் பக்கத்தில் ஸ்காட்லாண்ட் யார்டில் நாலு ஆட்களோடு காத்திருந்து பாய்ந்தார். முதல் வெட்டிலேயே எட்வர்டின் வாள் கைப்பிடிக்கு ஓரடி விட்டு முறிந்தது. குதிரை மிரள, கால் அங்கவடியில் சிக்க, அந்த முறிந்த துண்டை வைத்துக்கொண்டு ஐந்து பேரையும் சமாளித்தார். விலாவில் ஏறிய குத்துவாளை ஒரு நண்பர்தான் பிடுங்கினார். காயம் ஆறியதும் செய்த முதல் காரியம் என்ன? சர் ஜானுக்கு வாள்சண்டை ஓலை! அவரோ, ஜன்னல் வழியாகத் துப்பாக்கியால் சுடுவேனே தவிர உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். எனக்கென்னவோ இந்தக் கதையிலேயே உலக நடப்பு தெரிந்த ஆள் அந்தச் சர் ஜான்தான் என்று படுகிறது.

இப்பேர்ப்பட்டவரைத்தான் 1619-இல் பாரிஸுக்குத் தூதராக அனுப்பினார்கள். இரண்டு நாட்டுக்கு நடுவே சமாதானம் பேச! அங்கே இளைஞர் பதிமூன்றாம் லூயி ராஜா. அவரை ஆட்டிவைத்தவர் லூயின் பிரபு, ராஜாவுக்குப் பருந்து வேட்டை கற்றுக்கொடுத்தே உச்சிக்கு ஏறியவர். 1621-இல் லூயின் பிராட்டஸ்டண்டுகள் மேல் படையெடுத்தபோது எட்வர்ட் தலையிட்டார். உங்கள் ராஜாவுக்கு இங்கே என்ன வேலை என்றார் லூயின். பேச்சு தடித்தது. நீர் தூதராகப் போய்விட்டீர், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்றார். எட்வர்ட் வாளின் பிடியில் கை வைத்து, நான் தூதன் மட்டுமில்லை, கனவானும்தான், பதில் இதில் இருக்கிறது என்றார். அதோடு தூதர் வேலை போயிற்று. லண்டனுக்கு வந்து ஜேம்ஸ் ராஜா காலில் விழுந்து, லூயினுக்குச் சவால் விட அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினார். உருவிய வாளைக் கண்டாலே நடுங்குகிற ராஜா, யோசிக்கலாம் என்றார். யோசித்து முடிப்பதற்குள், அந்த டிசம்பரிலேயே லூயின் காய்ச்சலில் செத்துப்போனார். எட்வர்ட் மறு வருஷம் அதே பாரிஸுக்கு அதே பதவியில் திரும்பிப் போனார். இம்முறையும் எதிராளி வரவில்லை.

பாரிஸில் ஓர் உருப்படியான காரியமும் நடந்தது. 'டி வெரிடாட்டே' என்ற லத்தீன் நூலை எழுதி முடித்தார். கடவுள் உண்டு, வணங்கு, நல்லபடி நட, தப்புக்கு வருந்து, மறுமையில் கூலி உண்டு. எல்லா மதத்துக்கும் பொதுவானவை இந்த ஐந்தும்தான், மற்றவருக்குக் கிடைத்த தெய்வ வாக்கு நமக்கு வெறும் கேள்விஞானம் என்பது சாரம். 1624-இல் ஐரோப்பாவில் இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். பிற்பாடு ரோம் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அச்சுக்குக் கொடுக்கலாமா என்று ஆசிரியருக்கே தயக்கம். ஒரு வெயில் நாளில் தெற்கு ஜன்னலைத் திறந்து, புத்தகத்தோடு மண்டியிட்டு, ஆண்டவனே, ஒரு சகுனம் காட்டு என்று கேட்டார். காற்றே இல்லாத தெளிந்த வானத்திலிருந்து பலமாக, ஆனால் மென்மையாக, ஒரு சத்தம் வந்ததாம். போதும் என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டார். தெய்வ வாக்கை நம்பாதே என்கிற புத்தகம் தெய்வ வாக்கு கேட்டு வெளியாயிற்று.

தம்பிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜார்ஜ் ஹெர்பர்ட் பெமர்ட்டன் கிராமத்தில் பாதிரியாக இருந்து பக்திக் கவிதை எழுதி, அண்ணனைவிடப் பெரிய பெயர் வாங்கினார். கடைக்குட்டி தாமஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வந்து, போர்த்துக்கீசியரோடு மோதி, சூரத்தில் இறங்கி, மொகலாய தர்பாரைப் பார்த்துவிட்டுப் போனார். ஹென்றி நாடகத் தணிக்கை அதிகாரி. நாடகத்தில் இருக்கிற ஆணை, சபதமெல்லாம் அடித்துத் தள்ளுவார். அடித்தது அதிகம் என்று ராஜாவே உட்கார்ந்து சில சொற்களைத் திருப்பிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

முதலாம் சார்ல்ஸ் ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. ரிப்பனுக்காக ஓடியவர், ராஜாவுக்காக என்ன செய்தார்? ராஜாவின் தளபதி இளவரசர் ரூபர்ட் கூப்பிட்டு அனுப்பியபோது, இப்போதுதான் மருந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன், வர முடியாது என்று பதில் எழுதினார். 1644 செப்டம்பரில் பார்லிமென்ட் படை மான்ட்கோமரி கோட்டை வாசலுக்கு வந்தபோது கதவைத் திறந்துவிட்டார். கேட்ட நிபந்தனை, என் புத்தகங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் சண்டை சண்டை என்று அலைந்தவர் செய்த அறிவுள்ள காரியம் இது ஒன்றுதான் என்பேன். பிறகு லண்டனில் பார்லிமென்ட் கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளினார்.

1648 ஆகஸ்டில் சாகக் கிடந்தபோது ஆர்ச்பிஷப் அஷரை அழைத்து நற்கருணை கேட்டார் என்கிறார், பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதிய ஜான் ஆப்ரி. எதிலாவது நன்மை உண்டென்றால் இதில்தான் இருக்கும், இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையே என்றாராம். இந்த லாப நஷ்டக் கணக்கைக் கேட்ட அஷர், முடியாது என்று எழுந்து போய்விட்டார். எட்வர்ட் மணி கேட்டார், இன்னும் ஒரு மணி நேரத்தில் போகிறேன் என்றார், சொன்னபடி போனார். நேரம் குறித்துத் தவறாமல் நடந்த முதல் சந்திப்பு.

ஐந்து மாதம் கழித்து, 1649 ஜனவரியில், முதலாம் சார்ல்ஸின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அந்த இளைய சிற்றப்பா டான்வர்ஸ். அதே வருஷம் மான்ட்கோமரி கோட்டையை இடித்தார்கள். 1764-இல் அச்சான சுயசரிதைக்கு வால்போல் முதலில் அனுமதி கேட்டபோது, வாரிசான போவிஸ் பிரபு மறுத்துப் பார்த்தார். வால்போல் உட்கார்ந்து அவருக்கு ஜிலுஜிலுவென்று ஒரு சமர்ப்பணம் எழுதினார். பிரபு குளிர்ந்துபோய் மூதாதையை விட்டுக்கொடுத்துவிட்டார். தணிக்கைத் தம்பி ஹென்றியோ 1660-இல் முடியாட்சி திரும்பி வந்ததுமே பழைய உரிமையைத் தூசி தட்டி, நாடகக் கம்பெனிக்காரர்கள் தனக்குக் கட்டணம் பாக்கி என்று கோர்ட்டுக்குப் போனார். அந்தக் குடும்பத்தில் எதிராளி தவறாமல் வந்து நின்ற சண்டை அது.