மைந்நாகமும் மெதுவடையும்

அனுமன் கடலைத் தாண்டிய கட்டத்தைச் சிறு வயது முதல் எத்தனையோ கதாகாலட்சேபங்களில் கேட்டுத் தலையசைத்திருந்தும், அதில் வரும் மைந்நாகம் என்ற மலையின் மகத்துவம் எனக்கு விளங்கியது, அறுபத்திரண்டாவது வயதில், குரோம்பேட்டையில் ஒரு மைதானத்தின் ஓரத்தில், வேகவைத்த ஆட்டீரல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு விடியற்காலையில்தான். மைந்நாகம் கெட்ட மலை அன்று. கடலின் நடுவே எழுந்து நின்று, சற்று இளைப்பாறிக் கனிகளை உண்டு போகும்படி உபசரித்த மலை அது. சுரசையையும் சிம்மிகையையும் போல வாயைப் பிளந்துகொண்டு வருகிற விக்கினங்களைச் சமாளிப்பது ஒரு விதத்தில் சுலபம். உபசாரமாக வருகிற விக்கினத்தைக் கையால் தொட்டு மரியாதை செய்துவிட்டு மேலே போவதுதான் கஷ்டம். என் வீட்டு நாய்க்கு மைந்நாகம், டீக்கடை மெதுவடையின் ரூபத்தில் எழுந்தருளியது.

நாய் எனக்கு வந்து சேர்ந்த விதம், இக்காலத்துத் தகப்பன்மார்களுக்கு நாய்கள் பொதுவாக வந்து சேரும் விதமேயாகும். பிள்ளை ஆசைப்பட்டு வாங்குவான். பிள்ளைக்குப் பெங்களூரில் உத்தியோகம் ஆகும். அங்கே அவன் குடிபோகும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சட்டதிட்டங்கள் நாய்க்கு இடங்கொடா. ஆகவே பிள்ளை போவான், நாய் இருக்கும். அதற்குப் பீமன் என்று பெயர் வைத்தவன் மாத்திரம் நான். தோள்களின் விசாலத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. பாரதத்துப் பீமன், பகாசுரனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி ஒப்படைக்கப்பட்ட ஒரு வண்டிச் சோற்றை, அந்த அசுரன் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து தானே சாப்பிட்டுத் தீர்த்தவன் என்ற விஷயம் பெயர் வைக்கும்போது என் ஞாபகத்துக்கு வராமற் போயிற்று. வந்திருந்தால் நகுலன் என்றே வைத்திருப்பேன்.

பீமன் லாப்ரடார் ஜாதி. அந்த ஜாதியின் பூர்விகம் கனடாவின் கீழ்க்கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவு. உறையவைக்கும் கடலில் மீனவர்களோடு தோணியேறிப் போய், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடித்து வருவதும் வலையை இழுத்துக் கொடுப்பதும் இதன் மூதாதைகளின் ஜீவனோபாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் பிரபுக்களின் கண்ணில் பட்டு, இங்கிலாந்துக்குக் கப்பலேறி, சுட்டு வீழ்த்திய பறவையை இறகு கசங்காமல் எடுத்துவந்து கொடுக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தது. 1903-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கென்னல் கிளப் அதைத் தனி ஜாதியாக அங்கீகரித்தது. வாயிலுள்ளதைக் கடிக்காமல் ஏந்திவரும் அந்தப் பரம்பரைச் சாமர்த்தியம் பீமனிடமும் குறைவறப் படிந்திருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் விடியற்காலை போட்டுவிட்டுப் போகும் பால் பாக்கெட்டை, ஒரு சொட்டுச் சிந்தாமல், பல் பட்ட அடையாளம் இல்லாமல், எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைக்கும். எதிர்வீட்டு மாமியும், “ஒங்க நாய் திருடினாலும் பதவிசாத் திருடறது, சார்” என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போவார். கேளாதபோது ஊர்ச் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து குவிக்கும் இந்த நாய், கேட்டபோது ஒரு துரும்பைக்கூட எடுத்து வராது என்பதே என் வியாகூலத்தின் ஆரம்பம்.

அடுத்த தெருவில், ராணுவத்தில் நாய்களைப் பழக்கி, மீரட்டில் நெடுநாள் இருந்து, ஓய்வு பெற்று வந்த சுபேதார் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். ஒரு மரத்து டம்பெல்லை என் கையில் கொடுத்தார். இரு முனைகளிலும் கட்டை, நடுவில் விரற்கடை தடிப்பில் ஒரு தண்டு. முனைக் கட்டைகள் தாங்கிக்கொள்வதால் தண்டு தரையில் படாது, நாய் மூக்கைத் தேய்த்துக்கொள்ளாமல் கவ்வலாம். இதைத் தூக்கியெறிந்தால் நாய் ஓடி எடுத்துவந்து, எதிரில் உட்கார்ந்து, கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முதற்பாடம் எறிவதன்று என்று சுபேதார் சொன்னார். முதலில், கொடுப்பதற்கு முன்னால் வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரப் பழக்க வேண்டும். அதற்கப்புறம் கையிலிருந்து வாங்கப் பழக்க வேண்டும். அதற்கும் அப்புறந்தான் தரையிலிருந்து எடுத்தல். எல்லாவற்றுக்கும் கடைசியில் எறிதல். அதாவது விடையிலிருந்து தொடங்கிக் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராயிருந்து, எந்தக் காரியத்துக்காகப் பிள்ளைகளைப் பெஞ்சியின்மேல் ஏற்றினேனோ, அதே காரியத்தை ஒரு நாய்க்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும்படி நேர்ந்தது.

ஆணை விஷயத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. நம் தேசத்து நாய்களுக்கு மாத்திரம் இன்னும் சுதந்திரம் கிடைத்தபாடில்லை; அவை இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் உட்காருகின்றன, ஆங்கிலத்தில்தான் எழுந்திருக்கின்றன. பாஷாபிமானம் உள்ளவனாகையால், சுபேதாரின் ‘ஃபெட்ச்’சை நிராகரித்து, ‘கொண்டா’ என்ற தீந்தமிழ்ச் சொல்லையே பீமனுக்கு உபதேசித்தேன். மூன்று வாரத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நாலாவது வாரம் மைதானத்தில், டம்பெல்லை வாயில் கவ்விக்கொண்டு பீமன் கம்பீரமாகத் திரும்பி வருகிற தருணத்தில், ஓரத்து டீக்கடைப் பெஞ்சியிலிருந்து ஒருவர், “தம்பி, ரெண்டு வடை கொண்டா!” என்று உரக்கச் சொன்னார். பீமன் டம்பெல்லை அந்தக்ஷணமே கீழே போட்டது. கடைப்பையன் எழுந்திருப்பதற்குள் தட்டருகே போய்விட்டது. வடை இரண்டென்று அவர் சொன்னதை அது கவனித்ததாகத் தெரியவில்லை, நாலு போயிற்று. கொடுத்த ஆணையை அக்ஷரம் பிசகாமல் நிறைவேற்றிய நாயை எந்த நியாயத்தைக் கொண்டு தண்டிப்பது? மறுநாள் முதல் ‘ஃபெட்ச்’ என்றே சொல்லத் தொடங்கினேன். விடையிலிருந்து ஆரம்பித்த கல்வி இவ்வாறாக வடையில் வந்து நின்றது.

“வடையைவிட ஒசத்தியா ஒங்க கையில ஏதாவது இருக்கணும், வாத்தியார் சார். இல்லேன்னா அது ஏன் ஒங்ககிட்ட வரணும்?” என்றார் சுபேதார். உயர்ந்த பதார்த்தம் எது என்று கேட்டேன். வேகவைத்த ஈரல் என்றார். மூன்று தலைமுறையாக முட்டையோடுகூட நுழையாத எங்கள் வீட்டில் இந்தப் பிரஸ்தாபம் எழுப்பிய கொந்தளிப்பை விஸ்தரிக்க நான் விரும்பவில்லை. கொல்லையில், கிணற்றுக்கு அப்பால், மூன்று செங்கல்லை வைத்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில், நானே வேகவைத்து, நானே கொண்டைக்கடலைப் பிரமாணத்தில் நறுக்கி, நானே ஸ்நானம் செய்துவிட்டு உள்ளே வருவது என்று உடன்படிக்கை ஆயிற்று. கசாப்புக் கடைக்காரர், ஒரு காலத்தில் என்னிடம் பின்னம் படித்தவர். என்னைக் கண்டதும் எனக்காகத் தாம் வெட்கப்பட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, பொட்டலத்தை என் பையின் அடியில் வைத்து, அதன்மேல் தம் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டொன்றைப் பரப்பி அனுப்புவார்.

இனி வடைப் பயிற்சி. வெங்காயம் நாய்களுக்கு ஆகாது. ஆதலால் வெங்காயம் சேர்க்காத வடையை என் மனைவியே தட்டிக் கொடுத்தாள். அதைத் தரையில் வைத்து மாவுச் சல்லடையால் மூடி, பக்கத்தில் முக்காலி போட்டு அவளே காவலுக்கும் உட்கார்ந்தாள். சல்லடையின் தத்துவம் ரொம்ப நுட்பமானது: வாசனை வெளியே வரும், வடை வராது. தப்பு வழியில் போன நாய்க்கு ஒரே ஒரு தரம் வடை கிடைத்துவிட்டால், அது அந்த வழியைச் சாகிறவரை மறக்காது. முதல் வாரம் சல்லடை, பீமன் ஓடும் பாதையிலிருந்து நாற்பதடி தள்ளி இருந்தது. போகும்போது தலை மாத்திரம் திரும்பியது. கால்கள் நேராகவே போயின. ஈரல் கொடுத்தேன். அடுத்த வாரம் முப்பதடி. பிறகு இருபது. சல்லடை நெருங்கி வரும்போது டம்பெல்லை எறியும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; இரண்டு கஷ்டங்களை ஒரே சமயத்தில் ஏற்றக்கூடாது. பத்தடியில் ஒரு நாள் பீமன் சல்லடையின்மேல் மூக்கை வைத்துவிட்டது. அதட்டாமல் மறுபடியும் இருபதடிக்குப் போனோம்.

விசுவாமித்திரரை நினைத்து அப்போது எனக்கு மிகுந்த பச்சாத்தாபம் உண்டாயிற்று. அவருடைய தபசில் குறையில்லை. பயிற்சி முறைதான் கோளாறு. மேனகையை எடுத்த எடுப்பில் ஆசிரமத்து வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். முதல் வாரம் நாற்பது யோசனைக்கு அப்பால் நிறுத்தி, படிப்படியாகக் கிட்டே கொண்டுவந்திருந்தால் சகுந்தலை பிறந்திருக்க மாட்டாள். காளிதாசன் வேறு நாடகம் எழுதியிருப்பான்.

இந்தப் பெருந்தீனி இல்லாத நாயாக வாய்த்திருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நான் அங்கலாய்த்ததுண்டு. அது தவறு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 நாய்களுக்கு, பசியை அடக்கும் ஒரு மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருப்பதாகக் கண்டார்கள். அந்த நாய்களுக்குத் தின்னும் ஆசை அதிகம், எடையும் அதிகம். விசேஷம் என்னவென்றால், ஊனமுற்றவர்களுக்கு உதவியாகப் பழக்கப்படும் நாய்களிடையே இந்தக் குறை வெகு சாதாரணமாகக் காணப்பட்டது. ஆக, சாப்பாட்டுக்கு அலைகிற நாய்தான் பாடத்துக்கும் அலைகிறது. பீமனைக் கெடுத்ததும் கற்பித்ததும் ஒரே வயிறு. வைராக்கியத்துக்கு இதில் யாதொரு இடமும் இல்லை. கொடுக்கல் வாங்கல் மாத்திரந்தான் உண்டு. நாய் கண்ணால் வடையைப் பார்க்கிறது, மனத்தால் ஈரலைப் பார்க்கிறது, வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது, வருகிறது.

கொடுக்கல் வாங்கலில் ஒரு சூட்சுமம் இருந்ததைத்தான் நான் கோட்டைவிட்டேன். இந்தப் பயிற்சியெல்லாம் நாய்களுக்கென்று நடக்கும் கீழ்ப்படிதல் பரீட்சைக்காக; அந்தப் பரீட்சைக் களத்துக்குள் தின்பண்டம் எதையும் கையில் எடுத்துப் போகக்கூடாது. ஆகையால் கடைசி மாதத்தில் ஈரலை ஒழுங்கில்லாமல் கொடுக்க வேண்டும், ஒரு தரம் கொடுத்து, இரண்டு தரம் கொடாமல், மறுபடி கொடுத்து, பின் ஐந்து தரம் கையை விரித்து, நாயை எப்போதும் நம்பிக்கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சுபேதார் சொல்லியிருந்தார். 1957-இல் வெளியான பெரும் புத்தகம் ஒன்றில் ஸ்கின்னரும் பெர்ஸ்டரும் புறாக்களை வைத்து விவரித்ததும் இதுவே. சூதாட்ட யந்திரத்தின்முன் மனிதனை எழுந்திருக்கவொட்டாமல் உட்கார்த்தி வைப்பதும் இதுவே. ஸ்கின்னரின் சிஷ்யர்களான பிரேலண்ட் தம்பதிகள், காசுகளை உண்டியலில் போட்டால் தீனி என்று ரக்கூன் என்ற பிராணிக்குக் கற்பிக்கப்போய், அது இரண்டு காசுகளை ஒன்றோடொன்று உரைத்துக்கொண்டு விடமாட்டேனென்று உட்கார்ந்துவிட்டதை 1961-இல் எழுதினார்கள். இதைப் படித்துச் சொன்னபோது என் மனைவி, “ஒண்ணாந்தேதி பாங்கியிலே நீங்க நோட்டை எண்றாப்பலே” என்றாள். உண்மைதான். பிரதி மாதமும் ஒன்றாந்தேதி பென்ஷனை எதிர்பார்க்கிறவனுக்கு, உழைத்த ஜீவனுக்கு ஒழுங்கில்லாமல் கூலி கொடுக்க மனம் வருமா? சுபேதார் அந்தண்டை திரும்பியபோதெல்லாம், கொண்டுவந்த தடவைக்கு ஒரு துண்டு என்று கைமேல் ரொக்கமாகவே தீர்த்துவந்தேன்.

இத்தகைய பரீட்சைகளை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்ற மாது. தம்முடைய பூடில் நாய்களை வெறும் அலங்காரப் பிராணிகள் என்று நாலு பேர் பரிகசித்தது பொறாமல், 1933-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்து மவுண்ட் கிஸ்கோவில் முதற்பரீட்சையை நடத்தினார். இன்று அத்தேசத்தில் 200-க்கு 170 வாங்கினால்தான் தேர்ச்சி. பள்ளிக்கூடத்தில் 100-க்கு 35 போட்டுப் பழகிய என் கைக்கு இது அநியாயமாகவே படுகிறது.

சென்ற தை மாதத்தில், பனி விலகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீமனும் நானும் களத்தில் இறங்கினோம். எறிந்த டம்பெல் ஒரு கல்லில் பட்டுத் துள்ளி, உருண்டு, கயிற்றோரம் நாற்காலியில் இருந்த உதவியாளரின் காலடியில் போய் நின்றது. நாற்காலிக்குக் கீழே தொன்னை, தொன்னையில் வடை. சல்லடை இல்லை, முக்காலியில் என் மனைவி இல்லை. “ஃபெட்ச்” என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். பீமன் ஓடிற்று, நின்றது, வடையைப் பார்த்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு டம்பெல்லைக் கவ்வி, நேராக வந்து, எதிரில் உட்கார்ந்தது. தாடையின் இருபுறமும் இரண்டு விழுதுகளாக எச்சில் தொங்கியது. டம்பெல்லை வாங்கிக்கொண்டேன். பீமன் என் வலக்கையைப் பார்த்தது. கை வெறுமையாயிருந்தது. இடக்கையைப் பார்த்தது. அதுவும் அப்படியே. நீதிபதி, நாயைச் சுற்றிவரச் செய்து இடப்புறம் உட்கார்த்தும்படி ஆணையிட்டார். பீமன் சுற்றித்தான் வந்தது. ஆனால் சுற்று கொஞ்சம் பெரிதாகி, அந்த நாற்காலியையும் உட்கொண்டுவிட்டது. தொன்னையைக் கிழிக்காமல் வடையை மாத்திரம் எடுத்துச் சாப்பிட்டு, நிதானமாகத் திரும்பி வந்து, என் இடப்புறத்தில் இலக்கணப்படி அமர்ந்தது.

மதிப்பெண் தாளில் எடுத்து வருதலுக்கு முழு மதிப்பெண்ணும், சுற்றிவந்து அமர்தலுக்குப் பூஜ்யமும் போட்டிருந்தார்கள். வடைக்குரிய பத்து ரூபாயை அந்த உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.