பிசிடி பண்டிதர்

புதுச்சேரியோ அந்தமானோ, டைவிங் படகு எங்கே கிளம்பினாலும் அதில் இவர் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருப்பார். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. குலம் கோத்திரம் விசாரிக்கிற தோரணையில், “உங்களது ஜாக்கெட்டா, விங்கா?” என்பார்.

பிசிடி என்பது சிலிண்டரை முதுகில் தாங்கும், காற்றுப்பை வைத்த மேலங்கி. பொத்தானை அழுத்தினால் பைக்குள் காற்று ஏறும், மிதக்கலாம். காற்றை வெளியே விட்டால் இறங்கலாம். ஜாக்கெட் வகையில் காற்று விலாவையும் சூழ்ந்துகொள்ளும். மேலே நிமிர்ந்து மிதக்கச் சுகம். விங்கில் பை முதுகோடு சரி; நீருக்குள் படுத்தவாக்கில் போக வசதி, மேலே வந்தால் முகத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளும். இவ்வளவுதான் சங்கதி. பண்டிதருக்கோ இது முனைவர் பட்ட ஆய்வு. பையின் தூக்குதிறன், காற்றைத் திறந்துவிடும் வால்வுகள், டி வளையம் எஃகா பிளாஸ்டிக்கா என்று எக்செல் தாள் வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும்.

“ஏங்க, வாங்கப்போறது ஒரு சட்டைதானே?” என்று கேட்ட மனைவியிடம் அன்று அவர் பேசவில்லை.

“1943இல் கூஸ்தோவும் கன்யானும் அக்வாலங் என்ற மூச்சுக் கருவியை உருவாக்கினபோது இந்தப் பையே கிடையாதே” என்று சொல்லிப் பார்த்தேன். “பாவம், அவங்களுக்குச் சாய்ஸ் இல்லை சார்” என்றார்.

கடைசியில் எஃகுத் தகடு வைத்த விங் வாங்கினார். தகடு மட்டும் இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும். அவ்வளவு எஃகு முதுகில் ஏறினால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். தகட்டின் லாபமே அதுதான். இவர் குறைக்கவில்லை. “சார், கொஞ்சம் ஈயத்தைக் கழட்டிடலாமா?” என்று டைவ் மாஸ்டர் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “தம்பி, இந்த விங்கோட தூக்குதிறன் என்னன்னு தெரியுமா?” என்றார்.

பிறகு நடந்ததைக் கடல்தான் தாங்கிக்கொண்டது. ஈயம் இழுக்க, கல்லாய் இறங்கினார். பதறிப் பொத்தானை அழுத்தினார். அதிக ஈயத்தைச் சமாளிக்க அதிகக் காற்று. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு லிட்டராக இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு லிட்டராகும் என்பது அவர் தாளிலேயே இருக்கிறது. ஆனால் தாள் வீட்டில் இருந்தது. கொஞ்சம் எழும்பியதும் பை உப்பி மேலே தூக்கியது. காற்றை விட்டார், மணலில் போய் உட்கார்ந்தார். அந்தப் புழுதியில் மற்றவர்களுக்கு மீனும் தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை. பக்கத்தில் அந்தப் பையன், நிறம் வெளுத்த வாடகை ஜாக்கெட்டில், கைகட்டி அந்தரத்தில் நின்றான். மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏற்றம், விட்டால் ஒரு சாண் இறக்கம்.

குறை விங்கில்தான் என்று பண்டிதர் தீர்ப்பு எழுதிவிட்டார். அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, சிலிண்டரை விலாவில் கட்டும் சைட்மவுண்டுக்குப் போகப்போகிறாராம். தாளில் புதுப் பக்கம் திறந்தாயிற்று.

நீங்கள் பிசிடி வாங்குவதாக இருந்தால், முதலில் 50 பார் அழுத்தம் மிச்சமுள்ள சிலிண்டரோடு, பையைக் காலிசெய்து, இயல்பான மூச்சைப் பிடித்தபடி நீர்மட்டத்தில் மிதந்து பாருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கும்வரை ஈயத்தைக் கழற்றுங்கள். அப்புறம் கடைக்குப் போய், தோளை அழுத்தாமல், சிலிண்டர் ஆடாமல் உடம்புக்குப் பொருந்துவதை வாங்குங்கள். பண்டிதரிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள், தாளை அனுப்பிவிடுவார்.