மொட்டை டயர்

1980-களில் சோழவரம் கார் பந்தயத்துக்கு அப்பா என்னை அம்பாசிடரில் கூட்டிப்போவார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலும் புழுதியும் எரிந்த எண்ணெய் வாசனையுமாக வீடு திரும்பும்போது, "இன்னைக்கு இங்க ஓடுறதுதான்டா நாளைக்கு நம்ம வண்டியில வரும்" என்பார்.

பிரேக் விஷயத்தில் அவர் சொன்னது நிஜம். 1953-இல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த ஜாகுவாரில் டன்லப்பின் டிஸ்க் பிரேக் இருந்தது. எங்கள் அம்பாசிடரிலோ நான்கு சக்கரத்திலும் டிரம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். அப்பா இரண்டாவது கியரில் வண்டியை இழுத்துப் பிடித்தே அடிவாரம் வந்து சேர்வார். இன்று என் சின்ன காரின் முன்சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறது. அதே மலையில் பயமில்லாமல் இறங்குகிறேன்.

டயர் கதை நேர்மாறு. மிஷெலின் ரேடியல் டயருக்கு 1946-இல் காப்புரிமை பெற்றது. சில வருஷத்தில் சாதாரணக் கார்களுக்கு அது வந்துவிட்டது. ஃபார்முலா ஒன்னுக்குப் போனது 1977-இல், ரெனோ காரில். கடைக்குப் போகும் கார் முந்திக்கொண்டது, பந்தயக் கார் பின்னால் வந்தது! ஃபார்முலா ஒன் 18 அங்குலச் சக்கரத்துக்கு மாறியதும் 2022-இல்தான். ரோட்டுக் கார்களில் அது எப்போதோ வந்துவிட்ட அளவு.

போன வருஷம் மகனோடு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போயிருந்தேன். அப்போதுதான் கழற்றி வைத்த டயர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தோம். விரல் ஒட்டியது, ரப்பர் முழுக்கப் பொடிக்கல் அப்பியிருந்தது. கோடே இல்லை.

"அப்பா, இது மொட்டை டயராச்சே! பஞ்சர் கடை அண்ணன் உடனே மாத்தச் சொல்வாரே?"

சரியாகத்தான் கேட்டான். காய்ந்த தளத்தில் ரப்பர் முழுசாகப் படிந்தால் பிடிப்பு கூடும், அதனால் அங்கே மொட்டை. அந்த டயர் ஒரு பந்தயம் தாங்கினால் போதும். நம் டயர் பள்ளத்திலும் மழையிலும் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். தண்ணீரை ஒதுக்கித் தள்ள அதற்குக் கோடு வேண்டும். டயரைப் பொறுத்தவரை நம் ரோடுதான் பெரிய பரீட்சை என்பது என் முடிவு.

மழைக்காலத்துக்கு முன் உங்கள் டயரைக் குனிந்து பாருங்கள். கோட்டுக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.