நம்பிக்கைப் பிறப்பியல்: ஒரு கால்பந்தாட்ட ஆராய்ச்சி

கால்பந்தாட்ட அணிக்கு நம்பிக்கை பிறப்பது வெற்றியிலா, தோல்வியிலா? வெற்றியில் என்பர் ரசிகர். தோல்வியில் என்பர் பயிற்சியாளர். அதுவும் தோற்ற இரவில் மட்டும்.

வென்றவனே நம்புவான் என்பது வெற்றிக் கட்சியார் சூத்திரம். அற்றேல், 1998இல் உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ், 2002இல் ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது எற்றுக்கு? இத்தாலி 2010இலும், ஸ்பெயின் 2014இலும், ஜெர்மனி 2018இலும் நடப்புச் சாம்பியன்களாகப் போய் முதல் சுற்றோடு மூட்டை கட்டின. நம்பிக்கை குறைந்ததால் அன்று, மிஞ்சியதால் என்க.

இனித் தோல்விக் கட்சி. 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அர்ஜென்டினா, 2022இல் கத்தாரின் லுசைல் மைதானத்தில் சவூதி அரேபியாவிடம் 1-2 எனத் தோற்றது. நான்கு வாரம் முடிவதற்குள் அதே மைதானத்தில் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினார். 2010இல் ஸ்பெயினும் சுவிட்சர்லாந்திடம் தோற்றுத்தான் தொடங்கியது. 1954இல் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியிடம் 3-8 என வாங்கிக் கட்டிக்கொண்டு, இறுதியாட்டத்தில் அதே ஹங்கேரியை 3-2 என வென்றது. அந்த 3-8 ஆட்டத்தில் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் முக்கிய வீரர்கள் பலரை இறக்கவே இல்லையே என்று குறுக்கிடுவார் உளர். உண்மைதான், ஆய்வுக்கு இடைஞ்சலாக இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இதனால் பெறப்படுவது: தோல்வி ஒரு மருந்து. ஒரே வேளை, தொடரின் தொடக்கத்தில், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அளவு மீறினால் பலன் தாமதமாகும். 2001இல் அமெரிக்கன் சமோவா ஆஸ்திரேலியாவிடம் 0-31 எனத் தோற்றது. மருந்து வேலை செய்யப் பத்தாண்டு ஆயிற்று; 2011இல் டோங்காவை 2-1 என வென்றார்கள். அந்த 31 கோல்களையும் விட்ட நிக்கி சலாப்புதான் அன்றும் கோல்கீப்பர். என்னைக் கேட்டால், இந்த ஆராய்ச்சியை எழுதத் தகுதியுள்ள ஒரே மனிதர் அவரே.

சான் மரினோவின் வழக்குதான் சிக்கல். 2004இல் லிச்சென்ஸ்டைனை 1-0 என வென்ற பின், அடுத்த வெற்றி 2024 செப்டம்பரில்தான் வந்தது. அதுவும் 1-0, அதுவும் லிச்சென்ஸ்டைன். இருபதாண்டு தோற்றுச் சேர்த்த நம்பிக்கை வீண்போகவில்லை என்று தோல்விக் கட்சியார் துள்ளுவர். அவ்வாண்டு நவம்பரில் லிச்சென்ஸ்டைனுக்கே போய் 3-1 என மறுபடியும் வென்றார்கள்.

ஆகவே, இக்கோட்பாட்டின்படி இன்று உலகிலேயே அதிக நம்பிக்கையோடு இருக்க வேண்டிய அணி லிச்சென்ஸ்டைன்.