15 மார்க் எடுத்தவன் பாஸ்!

வாடா பேராண்டி, ஏன் இஞ்சி தின்ன குரங்காட்டம் மூஞ்சிய வச்சிருக்கே? கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுதா? நீ சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருக்கும்டா, கோளாறே அங்கதான்.

காட்டு. மார்க் லிஸ்ட்டு 70, 20, 15, 90. பைத்தான்ல ஒரு ஃபார் லூப்பு போட்டு, 35-க்குக் கீழ இருந்தா ரிமூவ் பண்ணுன்னு உள்ளயே எழுதியிருக்கே. ஓட்டினா 70, 15, 90-ன்னு நிக்குது. அடேயப்பா! 20 எடுத்தவன் காலி, 15 எடுத்தவன் பாஸு. உங்கப்பன் பேப்பரை இந்த லூப்பு திருத்தியிருந்தா அவனும் ஒரே மூச்சுல பத்தாவது தாண்டியிருப்பான்.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்க. சாம்பார் வாளிக்காரன் ஆளைப் பார்க்க மாட்டான், இலை நம்பரை மட்டும் பார்ப்பான். முதல் இலை 0. (ஏன் பூஜ்யம்னு என்கிட்ட மல்லுக்கு நிக்காதே. டைக்ஸ்ட்ரான்னு ஒரு ஹாலந்துக்காரர் 1982-லேயே அதுக்கு நியாயம் எழுதி வச்சிட்டாரு.) 0-ல 70, ஊத்தியாச்சு. 1-ல 20, அதை நீ எழுப்பி விட்டுட்டே. அந்த இலை காலியாக் கிடக்குமா? உன் லிஸ்ட்டு விடாது. பின்னால இருக்கிறவன் எல்லாம் ஒவ்வொரு இலையா முன்னாடி நகர்ந்துக்குவான். 15 இப்போ 1-க்கு வந்தாச்சு. வாளிக்காரன் 1 முடிஞ்சுதுன்னு 2-க்குப் போயிட்டான், அங்க 90. அதோட பந்தி முடிஞ்சுது. 15-ஐ யாருமே ஏறெடுத்துப் பார்க்கலை.

ஜாவாவா இருந்தா இந்நேரம் பெரும்பாலும் எக்ஸெப்ஷனைத் தூக்கி எறிஞ்சிருக்கும். பைத்தான்லேயே டிக்ஷனரிய இப்படி நடுவுல கலைச்சுப் பாரு, எர்ரர்னு கூப்பாடு போடும். லிஸ்ட்டுதான் ஊமைக் குசும்பு, வாயே திறக்காது.

வைத்தியமா? பாஸானவனை மட்டும் புது லிஸ்ட்டுல சேர்த்துக்க, பழசைத் தொடாதே. இல்லேன்னா லிஸ்ட்டுக்கு ஒரு நகல் எடுத்து, நகல் மேல லூப்பை ஓட்டு, அசல்ல நீக்கு.

அப்புறம் இது என்ன கூத்து? ஆளுக்கு 5 மார்க் போடறேன்னு லூப்புக்குள்ள எம்-முக்கு 5 கூட்டிட்டு, லிஸ்ட்டுல ஏறலைன்னு ஒப்பாரி வேற. எம்-ங்கிறது அந்தச் சுத்துல வந்த எண்ணுக்கு நீ வச்ச பேரு. பேரை இன்னொரு எண்ணுக்குச் சூட்டினா லிஸ்ட்டுக்கு என்ன வந்துச்சு? எனுமரேட்டைக் கூப்பிடு, இண்டெக்ஸோட தரும், அந்த இடத்துலயே எழுது.

என்னது, வைல் லூப்பா? போடு ராசா, போடு. இலை நம்பரை எண்ணுற ஐ இருக்கே, நீக்கின சுத்துல அதைக் கூட்டாதே, நீக்காத சுத்துல கூட்ட மறக்காதே. மறந்தியோ, அது அந்த 70-ஐயே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கும். கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கிட்டுச் சாப்பிட வா.